சுண்ணாம்பு போகும் இடம்

சுண்ணாம்பு கரைந்திருக்கும் தண்ணீரில் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பைப் போட்டால், இரண்டும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் தண்ணீர் மென்மையாகிவிடும். 1841இல் தாமஸ் கிளார்க் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அவர் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில், மாரிஷல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். கேட்டால் கிண்டல் மாதிரித்தான் இருக்கும். ஆனால் கணக்கு சரியாக வருகிறது. மழைத்தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவை வாங்கி லேசான அமிலமாகிறது. சுண்ணாம்புப் பாறை வழியாக இறங்கும்போது அதைக் கரைத்து, பைகார்பனேட்டாகத் தன்னோடு எடுத்துக்கொள்கிறது. அந்த வாயுவின் பிடி இருக்கும்வரைதான் சுண்ணாம்பு கரைந்திருக்கும். சுட்ட சுண்ணாம்புக்கோ கரியமில வாயு மேல் அடங்காத பசி. உள்ளே போனதும் அதைப் பிடுங்கிக்கொள்கிறது. பிடி போனதும் பழைய சுண்ணாம்பு, புதுச் சுண்ணாம்பு எல்லாமே வெள்ளைத் தூளாக இறங்கிவிடுகிறது.

கிளார்க் இதோடு இன்னொன்றும் செய்தார், எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. தண்ணீரின் கடினத்தன்மையை அளக்க ஒரு வழி சொன்னார். அவருடைய அளவுகோல் சோப்பு. சோப்புக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் விட்டுக் குலுக்க வேண்டும். நுரை ஐந்து நிமிடம் கலையாமல் நிற்க எவ்வளவு சோப்பு பிடிக்கிறதோ, அவ்வளவு கடினம். 70,000 பங்கு தண்ணீரில் ஒரு பங்கு சுண்ணாம்புக்கல் இருந்தால் ஒரு டிகிரி. இன்றைய கணக்கில் லிட்டருக்குச் சுமார் 14 மில்லிகிராம். 'கிளார்க் டிகிரி' என்ற பேர் இன்றும் பிரிட்டனில் புழக்கத்தில் இருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் இது விநோதமான அளவு. சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு. கடின நீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் அந்தச் சோடியத்தைத் தள்ளிவிட்டு இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. கிடைப்பது நுரைக்காத, கரையாத, துணியில் சாம்பல் நிறத்தில் ஒட்டும் ஒரு பிசுக்கு. அப்படி வீணாகும் சோப்பு முழுவதும் வீணான பிறகுதான் மிச்சச் சோப்பு அழுக்கைத் தொடும். ஆக, கிளார்க்கின் டிகிரி அளப்பது வீட்டுக்காரரின் நஷ்டத்தை.

தமிழில் நாம் இதையெல்லாம் சேர்த்து 'உப்புத் தண்ணி' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். கடலோரக் கிணற்றில் ஏறும் சோடியம் உப்பும் உப்புத் தண்ணிதான், உள்மாவட்டத்துக் கருங்கல்லைத் துளைத்த போரில் வரும் கால்சியமும் உப்புத் தண்ணிதான். முதலாவது நாக்குக்குத் தெரியும். இரண்டாவது நாக்குக்கு லேசாகத்தான் தெரியும், ஆனால் சோப்புக்கும் கீசருக்கும் நன்றாகத் தெரியும். வாட்டர் ப்யூரிஃபையர் விற்க வருபவர் பையிலிருந்து எடுக்கும் டிடிஎஸ் மீட்டரும் இதே குழப்பத்தைத்தான் எண்ணாகக் காட்டுகிறது. மொத்தம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று சொல்லும், எது என்று சொல்லாது. (அவரே இரண்டு இரும்புக் கம்பியைத் தண்ணீரில் விட்டுக் கரண்ட் கொடுத்து, பழுப்பாக வருவதைக் காட்டி உங்களை மிரட்டினால் பயப்பட வேண்டாம். அது பெரும்பாலும் கம்பியிலிருந்து வரும் துரு.)

*

1850இல் இந்தச் சோப்புக் கணக்கு லண்டனில் அரசியல் ஆனது. காலரா வந்துபோன கையோடு, எட்வின் சாட்விக் இருந்த பொதுச் சுகாதார வாரியம் நகரின் தண்ணீரைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. தேம்ஸைக் கைவிட்டு, சர்ரே பக்கத்து மணல் நிலங்களிலிருந்து மென்னீர் கொண்டுவர வேண்டும் என்றது. சாக்கடை கலந்த ஆற்றைக் கைவிடச் சொல்ல வேறு காரணம் தேட வேண்டுமா என்ன? ஆனால் அந்த விவாதத்தில் சோப்புக்கும் தேயிலைக்கும் பெரிய இடம் இருந்தது. கடின நீரில் டீ சரியாக இறங்காது, காய்கறி நன்றாக வேகாது என்று ரிஃபார்ம் கிளப்பின் புகழ்பெற்ற சமையல்காரர் அலெக்ஸி சோயே சாட்சி சொன்னார். மென்னீர் வந்தால் சோப்பிலும் துணியின் ஆயுளிலும் எவ்வளவு மிச்சமாகும் என்று வாரியம் எண்ணிக் காட்டியது.

எனக்கு இது சில்லறைத்தனமாகப் படவில்லை. காலரா தண்ணீரில்தான் வருகிறது என்று ஜான் ஸ்னோ சொல்லத் தொடங்கியிருந்தார், ஆனால் சாட்விக் உட்படப் பெரும்பாலானோர் துர்நாற்றத்தையே குற்றம் சாட்டிக்கொண்டிருந்தார்கள். காலராவுக்கு அளவுகோல் இல்லை, சோப்புக்கு இருந்தது. எதை அளக்க முடியுமோ அதைத்தானே அறிக்கையில் போட முடியும்.

அடுத்த வருடம் அரசு கிரஹாம், மில்லர், ஹாஃப்மன் என்று மூன்று வேதியியலாளர்களிடம் விஷயத்தை ஒப்படைத்தது. அவர்கள் கிளார்க்கின் முறை நல்லது என்றார்கள். பெரிய தண்ணீர்க் கம்பெனிகள் அசையவில்லை. சுண்ணாம்பு வாங்கும் செலவு, தொட்டி கட்டும் செலவு, அடியில் தங்கும் சேற்றை அள்ளும் செலவு எல்லாம் கம்பெனியின் கணக்கில் வரும். சோப்பு மிச்சமோ வீட்டுக்காரரின் கணக்கில். இரண்டு முறை கூடுதலாக அலசிப் பிழிந்த சலவைக்காரப் பெண்ணின் கை யார் கணக்கிலும் வராது. 1852 சட்டம் தண்ணீர் எடுக்கும் இடத்தை டெடிங்டனுக்கு மேலே கொண்டுபோகச் சொன்னது, வடிகட்டச் சொன்னது. கடினத்தைப் பற்றி ஒன்றும் செய்யவில்லை. லண்டன் தண்ணீர் இன்றைக்கும் கடின நீர்தான்.

*

சோப்பு வீணாவது கண்ணுக்குத் தெரியும் நஷ்டம். சூடுபடுத்தும்போது வரும் நஷ்டம் உள்ளே ஒளிந்திருக்கும்.

நாம் அறிந்த பெரும்பாலான உப்புகள் சூடு ஏற ஏறக் கூடுதலாகக் கரையும். கால்சியம் கார்பனேட் நேர் எதிர். சூடானால் கரியமில வாயு வெளியேறுகிறது, பிடி விடுகிறது, சுண்ணாம்பு இறங்குகிறது. எங்கே சூடு அதிகமோ அங்கேதான் முதலில் இறங்கும். கெட்டிலிலும் கீசரிலும் அதிகச் சூடான இடம் காயில். சுண்ணாம்பு போய் உட்கார மிக மோசமான இடத்தைத் தேடி உட்காருகிறது.

நீராவி எஞ்சின் காலத்தில் இதைச் சமாளிக்க பாய்லருக்குள் உருளைக்கிழங்கு போட்டார்கள். அதன் மாவுச்சத்து சுண்ணாம்புத் துகள்களை ஒன்றோடொன்று இறுகவிடாமல் சேறாகவே வைத்திருக்கும், பிறகு திறந்து கழுவிவிடலாம். செய்யாமல் விட்டால் பாய்லரின் தகட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஓர் ஓடு வளரும். நெருப்பின் சூடு தண்ணீருக்குப் போக முடியாமல் தகட்டிலேயே தேங்கும். இரும்பு மெலிந்து, உப்பி, சில சமயம் வெடிக்கும். வீட்டுக் கெட்டிலில் ஒரு சிப்பி ஓட்டையோ கோலிக்குண்டையோ போட்டுவைப்பது அந்தக்கால இங்கிலாந்துப் பாட்டிவைத்தியம்: படிவது அதன்மேல் படியட்டும் என்று.

நம் வீட்டு கீசரில் நடப்பதும் அதேதான், வெடிப்பு மட்டும் இல்லை. சுண்ணாம்பு ஓடு செம்பைவிடச் சில நூறு மடங்கு மோசமான வெப்பக் கடத்தி. காயில் தன் சூட்டை இறக்கிவைக்க இடமில்லாமல் உள்ளுக்குள்ளேயே கொதித்து ஒரு நாள் அறுந்துபோகும். "போர் தண்ணி சார், அதான் காயில் போச்சு" என்று மெக்கானிக் சொல்வது முழுக்க நியாயம். ஆனால் 'சுண்ணாம்பு படிந்தால் கரண்ட் பில் ஏறும்' என்று விளம்பரங்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மின்சார கீசரில் காயில் தண்ணீருக்குள்ளேயே கிடக்கிறது. அதன் சூட்டுக்கு, தாமதமானாலும், தண்ணீரைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது. ஏறுவது முக்கியமாக ரிப்பேர் செலவு. கேஸ் கீசரில்தான் தண்ணீருக்குப் போகாத சூடு புகையோடு வெளியே போய்விடும், அங்கே எரிபொருள் உண்மையாகவே வீணாகும்.

*

மென்னீர் கிடைத்தவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்க்க கிளாஸ்கோவுக்குப் போக வேண்டும். அந்த நகரம் வடக்கே மலைகளுக்கு நடுவில் இருக்கும் லாக் கேட்ரின் ஏரியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தது. 1859 அக்டோபரில் விக்டோரியா ராணி திறந்துவைத்தார். சுண்ணாம்பே பார்க்காத, ஏறக்குறைய மழைத்தண்ணீர் போன்ற தண்ணீர். லண்டன்காரர்கள் பொறாமைப்படும் நுரை.

திட்டம் பேச்சில் இருந்தபோதே ஒரு கேள்வி எழுந்திருந்தது: இவ்வளவு மென்மையான தண்ணீர் ஈயக் குழாயை அரிக்காதா? வேதியியலாளர்கள் இரண்டு பக்கமும் பேசினார்கள். திட்டம் ஜெயித்தது. காலராவுக்கு முன்னால் அது சரியான முடிவும்கூட. ஆனால் கேள்வியும் சரியான கேள்விதான். கடின நீர் ஓடும் ஈயக் குழாயின் உட்சுவரில் சுண்ணாம்பும் ஈயக் கார்பனேட்டும் சேர்ந்து ஒரு தோல் போலப் படியும், அது தண்ணீரை ஈயத்தைத் தொடவிடாது. கீசர் காயிலைக் கொல்லும் அதே படிவம் இங்கே காவல். கிளாஸ்கோவின் தண்ணீரில் அந்தத் தோலுக்கான சரக்கு இல்லை. நூறு வருடத்துக்கும் மேல் ஓடிய பிறகு, 1970களில் அந்த நகரத்து மனிதர்களின் ரத்தத்தில் ஈயத்தை ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். 1978இல் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்க்கத் தொடங்கினார்கள். 1989இல் பாஸ்பேட்டும் சேர்ந்தது. அது குழாயின் உட்சுவரில் கரையாத ஈயப் பாஸ்பேட் பூச்சாகப் படியும்.

இந்தப் பாஸ்பேட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வேறொரு ஏரியில் அது வில்லனாக வரப்போகிறது.

*

அதற்கு முன் மறுபடி 1850. லண்டனில் சோப்பைப் பற்றிச் சண்டை நடந்த அதே வருடம், இங்கிலாந்தின் அரச வேளாண் சங்கத்துக்கு ஆலோசகராக இருந்த ஜே. தாமஸ் வே மண்ணுக்குள் உரக் கரைசலை ஊற்றிக்கொண்டிருந்தார். மேலே அம்மோனியம் சல்ஃபேட்டை ஊற்றினால் கீழே கால்சியம் சல்ஃபேட் சொட்டியது. அம்மோனியாவைப் பிடித்து வைத்துக்கொண்டு அதற்குச் சமமான கால்சியத்தைத் தந்திருக்கிறது மண். பண்டமாற்று. இதைத் தலைகீழாக ஓட்டினால், கால்சியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தைத் தரும் மண் செய்தால், கடின நீர்ப் பிரச்சினை தீர்ந்தது. அந்தப் படியை ஏற இன்னும் ஐம்பது வருடத்துக்கு மேல் ஆனது. பெர்லினில் ராபர்ட் கான்ஸ் செயற்கையாகச் செய்த சியோலைட்டைத் தண்ணீர் மென்மையாக்கியில் வைத்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். இன்று அந்த இடத்தில் பிளாஸ்டிக் ரெசின் மணிகள். தத்துவம் மாறவில்லை: மணிகள் கால்சியத்தால் நிறைந்ததும், சமையலுப்புக் கரைசலை ஊற்றி, கால்சியத்தை விரட்டி, மறுபடி சோடியத்தை ஏற்ற வேண்டும். விரட்டிய கால்சியமும் மிச்ச உப்பும் சாக்கடைக்கு.

வீட்டில் மென்மையாக்கி வைக்க வசதி இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி இருந்தது. தண்ணீரை விட்டுவிட்டு சோப்பை மாற்றுவது. நம் ஊர் வண்ணார்கள் உவர்மண்ணில் துணியை நனைத்து வெள்ளாவி வைத்தார்களே, அந்த உவர்மண்ணில் இருப்பது சோடியம் கார்பனேட். அது கால்சியத்தைத் தானே இறக்கிவிடும். சலவை சோடா செய்வதும் அதைத்தான். 1969இல் வந்த நிர்மா மலிவாக இருந்ததற்கும் போர் தண்ணியில் தாக்குப்பிடித்ததற்கும் அதில் தாராளமாக இருந்த சோடாவுக்குப் பங்குண்டு. இறங்கிய சுண்ணாம்பு துணியிலேயே படிந்து மொரமொரப்பாகும், கை சுடும், அதெல்லாம் தனி.

அமெரிக்காவின் மத்திய மாநிலங்களிலும் தண்ணீர் கடினம். வாஷிங் மெஷின் வந்த பிறகு பிசுக்கு இன்னும் பெரிய தலைவலி. கையால் துவைப்பவர் பிசுக்கைப் பார்த்து இன்னொரு முறை அலசுவார், மெஷினுக்குக் கண் கிடையாது. ப்ராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியில் டேவிட் பையர்லி என்ற ஆய்வாளர், மேலிடத்துக்கு ஆர்வம் போன பிறகும் பல வருடம் விடாமல் முயன்று ஒரு கலவையைக் கண்டுபிடித்தார். அழுக்கெடுக்கும் செயற்கை டிடர்ஜென்ட், அதோடு கால்சியத்தை அணைத்துப் பிடித்துக் கரைசலிலேயே வைத்திருக்கும் சோடியம் ட்ரைபாலிபாஸ்பேட். 1946இல் டைட் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பிசுக்கு இல்லை, சாம்பல் படியவில்லை. சில வருடங்களிலேயே அமெரிக்கச் சலவையில் சோப்பின் காலம் முடிந்தது. கிளார்க்கின் டிகிரிக்கு இனி துணி துவைப்பவர் பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் துவைத்த தண்ணீர் எங்கோ போக வேண்டுமே. பாஸ்பரஸ் செடிக்கு உரம், பாசிக்கும் உரம். 1960களில் ஈரி ஏரி 'செத்துவிட்டது' என்று பத்திரிகைகள் எழுதின. உண்மையில் அது அளவுக்கு மீறி உயிரோடு இருந்தது. பாசி பெருகி, செத்து, மக்கும்போது ஆழத்துத் தண்ணீரின் ஆக்சிஜனைத் தின்றது. வயல் உரமும் நகரச் சாக்கடையும் இதில் கூட்டாளிகள், சலவைத்தூள் மட்டும் குற்றவாளி என்று சொல்வது அநியாயம். ஆனால் சலவைத்தூள் கம்பெனிகள் தங்களுக்குப் பங்கே இல்லை என்றும், கார்பன்தான் காரணம் என்றும் வாதாடினார்கள்.

அந்த வாதத்தை முடித்துவைத்தது ஒரு பிளாஸ்டிக் திரை. கனடாவின் ஒன்டாரியோவில் ஆய்வுக்காகவே ஒதுக்கிய சின்ன ஏரிகள் உண்டு. அதில் 226ஆம் எண் ஏரி நடுவில் இடுப்பு குறுகியது. 1973இல் டேவிட் ஷிண்ட்லரின் குழு அந்த இடுப்பில் திரை கட்டி இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸ். வானிலிருந்து எடுத்த படத்தில் பாஸ்பரஸ் போட்ட பாதி மட்டும் பச்சை, மறுபாதி கறுப்பு. எத்தனையோ ஆய்வுக் கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். ஒரே படத்தில் இப்படி வழக்கு முடிந்ததை வேறெங்கும் பார்த்ததில்லை.

சட்டங்கள் வந்தன. சலவைத்தூளில் பாஸ்பேட்டின் இடத்துக்கு ஜெர்மனியின் ஹென்கெல் போன்ற கம்பெனிகள் கொண்டுவந்தது சியோலைட். மண்ணில் வே பார்த்த அதே பண்டமாற்று, இப்போது சலவைத்தூள் பாக்கெட்டில்.

பாத்திரம் கழுவும் மெஷினில்தான் கடைசிச் சண்டை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போகேன் பகுதியில் 2008இல் அந்த மெஷின்களுக்கான தூளிலும் பாஸ்பேட் தடை வந்தது. அங்கே தண்ணீர் கடினம். கண்ணாடித் தம்ளரில் வெள்ளைப் புள்ளி, தட்டில் மங்கல் படலம். ஆட்கள் பக்கத்து ஐடஹோ மாநிலத்துக்குக் காரோட்டிப் போய்ப் பழைய பாஸ்பேட் தூளை வாங்கி வந்தார்கள். சாராயத்துக்கு எல்லை தாண்டுவது போல! சிரிக்கலாம், ஆனால் தம்ளர் தினமும் கண்ணில் படுகிறது, ஆறு அப்படிப் படுவதில்லை.

*

பாஸ்பேட்டைவிடச் சாதுவாகத் தெரிவது உப்பு. கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரிட்டா பள்ளத்தாக்கில் வீட்டுக்கு வீடு தண்ணீர் மென்மையாக்கி இருந்தது. அவற்றிலிருந்து கழிந்த உப்பு சுத்திகரிப்பு நிலையம் வழியாக அப்படியே சாண்டா கிளாரா ஆற்றுக்குப் போனது. சாக்கடைச் சுத்திகரிப்பில் பாக்டீரியா மலத்தைத் தின்னும், கரைந்த உப்பை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆற்றின் கீழ்க்கோடியில் வென்சுரா மாவட்டத்து விவசாயிகள் அவகாடோவும் ஸ்ட்ராபெரியும் வளர்க்கிறார்கள். இரண்டும் குளோரைடு தாங்காத பயிர். 2003இல் உப்பு போடும் புது மென்மையாக்கிகளுக்குத் தடை வந்தது. 2008 நவம்பரில், ஏற்கெனவே வீட்டில் இருப்பவற்றையும் கழற்ற வேண்டும் என்ற தீர்மானத்தை மக்களே ஓட்டுப் போட்டு நிறைவேற்றினார்கள்.

இங்கே நம் அப்பார்ட்மெண்ட்களின் பேஸ்மெண்டில் இருக்கும் சாஃப்ட்னருக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இந்தியத் தர நிர்ணயம் குடிநீரின் கடினத்தை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கச் சொல்கிறது. வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 600 வரை. போர் தண்ணீர் 500 என்றும், அதை 100க்கு இறக்குகிறோம் என்றும், குடியிருப்பில் நாளைக்கு 50,000 லிட்டர் புழங்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம். தினம் 20 கிலோ சுண்ணாம்புக்கல்லை எடுக்க வேண்டும். ஏட்டுக் கணக்கில் அதற்கு 23 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் உப்பு. நடைமுறையில் இரண்டு மடங்கு ஆகும். அதாவது தினம் கிட்டத்தட்ட ஐம்பது கிலோ மூட்டை ஒன்று. அந்த உப்பு அந்தக் கட்டடத்துக் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்குள் போனால் குறையாமல் வெளியே வரும். அந்தத் தண்ணீர்தான் தோட்டத்துக்கு. தோட்டத்தில் ஊற்றினது இறங்குவது எந்தப் போரை நோக்கி என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. குடியிருப்போர் கூட்டங்களில் கீசர் காயில், ஷவர் துளை, முடி உதிர்வது எல்லாம் பேசப்படும். (முடி விஷயத்தில் ஆதாரம் வலுவாக இல்லை, பேச்சு மட்டும் வலு.) உப்பு மூட்டை மெயின்டனன்ஸ் கணக்கில் ஒரு வரி, அவ்வளவுதான். அதே கட்டடத்தில் ஒவ்வொரு சமையலறையிலும் ஓர் ஆர்ஓ. சாஃப்ட்னர் ஏற்றிய சோடியத்தை எடுத்து, மறுபடி சிங்க்கில் விடுகிறது.

மாற்று என்று ஒன்று இல்லாமல் இல்லை. எல்லாத் தண்ணீரையும் மென்மையாக்காமல் சூடாக்கும் தண்ணீரை மட்டும் செய்யலாம். உப்பின் தேவை பல மடங்கு குறையும், ஆனால் அதற்குத் தனிக் குழாய் வேண்டும், பில்டர் போட்டுத் தரமாட்டார். காயிலை வருடம் ஒரு முறை கழற்றி சிட்ரிக் ஆசிட் கரைசலில் ஊறப்போடலாம். 2003இல் தமிழ்நாட்டில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. மொட்டைமாடியில் விழும் அந்தத் தண்ணீரில் சோப்பு ஒரு தேய்ப்பிலேயே நுரைக்கும். சில பழைய வீடுகளில் அண்டாவில் பிடித்துவைத்துப் பருப்பு வேகவைக்க மட்டும் எடுப்பார்கள். மற்றபடி பெரும்பாலான கட்டடங்களில் மாடியிலிருந்து இறங்கும் குழாய் சம்ப்புக்குப் போகாமல் நேராகக் குழிக்குப் போகிறது. அங்கிருந்து அது பாறையை நோக்கி இறங்கும்.